சாணா, தீப்பெட்டியா, ஸ்கேலா: குழந்தைக்கு அளவைகளை எதிலிருந்து தொடங்குவது?

ஐந்து வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நீளம், கொள்ளளவு, எடை ஆகியவற்றைக் கைப்படச் செய்து பழகும் வகையில் கற்றுக்கொடுக்க நினைக்கும் ஆசிரியரும் பெற்றோரும் முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. குழந்தையின் கையில் எந்த அலகை முதலில் கொடுப்பது என்பதே அது. வேலூர், குடியாத்தம், அணைக்கட்டு வட்டாரத்து வீடுகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் நான்கு வழிகள் வழக்கத்தில் இருப்பதைக் காண்கிறேன். சாண், முழம், காலடி என்று உடம்பையே அளவுகோலாக்கித் தொடங்குபவர்கள் சிலர். தீப்பெட்டி, டம்ளர், கோலிக்குண்டு போன்ற ஒரே அளவுள்ள பொருள்களை வைத்து அளக்கச் சொல்பவர்கள் சிலர். கடைசியில் ஸ்கேலுக்குத்தானே வரப்போகிறோம், எதற்குச் சுற்றி வளைப்பது என்று ஸ்கேலையும் லிட்டர் குவளையையும் எலக்ட்ரானிக் தராசையும் நேரடியாகக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. கடையிலோ இணையத்திலோ விற்கும் கற்றல் பெட்டியை வாங்கித் தந்துவிட்டு, குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்று நம்புபவர்களும் உண்டு. நான்குக்கும் நியாயம் இருக்கிறது, ஆனால் நான்கும் ஒரே பலனைத் தருவதில்லை.

ஒப்பிடுவதற்கு முன், எதைக் கொண்டு ஒப்பிடுவது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பென்சிலின் அருகே ஸ்கேலை வைத்து 12 என்று குழந்தை படித்துவிட்டால் அதற்கு அளக்கத் தெரிந்துவிட்டது என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். அளத்தலுக்குள் இருப்பது வேறு. எதை அளக்கிறோம் என்று குழந்தை அறிந்திருக்க வேண்டும். அளக்கும் பொருளை இடம் மாற்றினாலும் பாத்திரம் மாற்றினாலும் அதன் அளவு மாறாது என்பது பிடிபட்டிருக்க வேண்டும். ஒரே அலகைத் திரும்பத் திரும்ப, நடுவில் இடைவெளி விடாமலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் வைக்க வேண்டும். அலகு சிறியதானால் எண்ணிக்கை கூடும் என்பது விளங்க வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று விடுபட்டாலும் அந்த 12 வெறும் எண்ணாகவே நின்றுவிடும்.

இரண்டாவதாகச் சொன்னது எவ்வளவு கடினமானது என்பதைக் காலைக் காபி நேரத்திலேயே பார்க்கலாம். குழந்தைக்கு ஆற்றிவைத்த பாலை டம்ளரிலிருந்து டவராவுக்கு அதன் கண் முன்னாலேயே மாற்றி, இப்போது பால் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அதே அளவா என்று கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் டம்ளரில்தான் நிறைய இருந்தது என்று சொல்லும். டம்ளரில் பால் உயரமாக நின்றது, டவராவில் தரையோடு படிந்துவிட்டது; குழந்தையின் கண் உயரத்தை மட்டுமே பிடித்துக்கொள்கிறது. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே இதே வகைச் சோதனைகளைக் கொண்டுதான், ஏறக்குறைய ஏழு வயதுக்கு முன்னர் அளவு மாறாமை என்ற எண்ணம் பெரும்பாலான குழந்தைகளிடம் உறுதிப்படுவதில்லை என்று காட்டினார். வயதைப் பற்றி அவருக்குப் பின் வந்தவர்கள் பல திருத்தங்களைச் சொல்லியிருக்கிறார்கள் என்றாலும், டம்ளர் டவரா வேறுபாட்டை எந்த வீட்டிலும் இன்றே பார்த்துவிடலாம். அப்போது குழந்தையைத் திருத்த அவசரப்பட வேண்டாம். பாலைத் திரும்ப டம்ளருக்கே ஊற்றிக் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள். வளர வளர அதுவாகவே, ‘அதே பால்தானே’ என்று சொல்லும் நாள் வரும்.

முதல் வழியான உடல் அளவுகளுக்கு வருவோம். இதற்குப் பெரிய பலம், எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பது. கை எப்போதும் குழந்தையோடேயே இருக்கிறது. அதைவிடப் பெரிய பலம், இது நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கும் அளவு என்பது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டிலோ தெருமுனைக் கூடையிலோ மல்லிகைச் சரத்தை இன்றும் முழத்தில்தான் கேட்டு வாங்குகிறோம். குழந்தையை உடன் அழைத்துச் சென்று, பூக்கார ஆயா முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை இழுத்துப் பிடிப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே சரத்தைக் குழந்தை தன் கையால் அளக்கட்டும். ‘உங்க ரெண்டு முழம் என் கையால மூணு முழம் வருது ஆயா’ என்று குழந்தை சொல்லும்போது, ‘அதுக்குத்தான் கண்ணு பெரியவங்க கையால அளக்கிறது’ என்று அந்த ஆயா சொல்லும் பதில், பாடநூலின் ஒரு பக்கத்துக்குச் சமம். வளர்ந்தவரின் முழம் ஏறக்குறைய 45 செ.மீ., ஆறு வயதுக் குழந்தையின் முழம் ஏறக்குறைய 30 செ.மீ.; ஆகவே இரண்டுக்கு மூன்று என்ற கணக்கு பெரும்பாலும் தப்பாமல் வரும். சரத்தை நெருக்கமாகக் கட்டியிருக்கிறார்களா, இளக்கமாகக் கட்டியிருக்கிறார்களா என்று பெரியவர்கள் பார்ப்பதையும் குழந்தைக்குச் சொல்லலாம். ஒரே முழத்தில் பூவின் எண்ணிக்கை வேறுபடுகிறது என்பது, நீளம் என்பது பொருளின் ஒரு பண்பு மட்டுமே என்று உணர்த்தும்.

ஆனால் இந்த வழியின் பலமே இதன் எல்லையும் ஆகிறது. ஆளுக்கு ஆள் கை வேறு என்பதைக் குழந்தை கண்டுகொண்ட பிறகு, சாணால் தொடர்ந்து பெஞ்சையும் கரும்பலகையையும் அளந்துகொண்டே இருப்பதில் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. மேலும் சாண் வைத்து அளக்கும் குழந்தையின் கையை உற்றுப் பாருங்கள். முதல் சாண் விரிந்து நிற்கிறது. இரண்டாவது சாண் வைக்கும்போது கட்டைவிரல் முன்பு சுண்டுவிரல் இருந்த இடத்துக்கு வராமல் சற்றுத் தள்ளி விழுகிறது. மூன்றாவதில் கை களைத்துச் சுருங்கிவிடுகிறது. வைத்த சாண் மேசையில் தங்குவதில்லை, கையை எடுத்தவுடன் அடையாளம் இன்றிப் போய்விடுகிறது. ஆகவே தவறு எங்கே நேர்ந்தது என்று குழந்தையும் பார்க்க முடியாது, ஆசிரியரும் காட்ட முடியாது. இன்னொன்று, நீளத்துக்குச் சாண் இருப்பதுபோல் எடைக்கு உடம்பில் ஓர் அலகு இல்லை. கொள்ளளவுக்குக் கைப்பிடியும் உள்ளங்கையும் இருந்தாலும் ஒரு பிடி அரிசி ஒவ்வொரு முறையும் வேறாகவே வரும். உடல் அளவுகளை ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு மேல் நீட்டிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. எல்லோருக்கும் பொதுவான அலகு ஏன் வேண்டும் என்ற கேள்வியைக் குழந்தையின் வாயிலிருந்தே வரவழைப்பது இதன் வேலை. அது முடிந்ததும் நகர்ந்துவிட வேண்டும்.

இரண்டாவது வழியில் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன தேவைகளைப் பெருமளவு நிறைவேற்றுவது இதுவே. குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலுக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஊர். இந்த வட்டாரத்தில் காலித் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. வழக்கமான சிறிய தீப்பெட்டியின் நீளம் ஏறக்குறைய 5 செ.மீ. ஒரே வகைப் பெட்டிகளை இருபது முப்பது சேர்த்துக்கொண்டு, உரசும் பக்கத்தில் காகிதம் ஒட்டிவிட்டால் போதும், விலையில்லாத அளவுக் கருவி தயார். குழந்தை ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பெட்டிகளை வரிசையாக வைக்கிறது. வைத்த பெட்டி அங்கேயே இருக்கிறது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இடைவெளி விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் குழந்தையே, ‘நடுவுல இடம் விட்டுட்ட’ என்று சொல்லிவிடும். பெட்டியை ஒருவர் நீளவாக்கிலும் இன்னொருவர் குறுக்குவாக்கிலும் வைத்துவிட்டு, ஒருவருக்கு ஐந்தும் இன்னொருவருக்கு ஏழும் வந்தால், யார் தவறு செய்தார் என்று வகுப்பே கூடி விசாரிக்கும். இருவரும் சரியாகவே எண்ணியிருக்கிறார்கள், அலகுதான் வேறு என்று கண்டுகொள்ளும் அந்த இடம், அலகு சிறியதானால் எண்ணிக்கை கூடும் என்ற கருத்து குழந்தைக்குள் பதியும் இடமாகும்.

அடுத்த படி இன்னும் முக்கியமானது. முதலில் நிறையப் பெட்டிகளைக் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொல்ல வேண்டும். பழகிய பின், ஒரே ஒரு பெட்டியை மட்டும் கொடுத்து, அதே புத்தகத்தை அளக்கச் சொல்ல வேண்டும். அப்போது பெட்டி முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து மறுபடி வைத்து, எத்தனை முறை வைத்தோம் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பல குழந்தைகள் இங்கே தடுமாறுவார்கள். தடுமாற்றத்தைக் கண்டு பெரியவர்கள் பெட்டியை வாங்கித் தாங்களே அளந்து காட்டிவிடக் கூடாது. ஸ்கேலில் அச்சிடப்பட்டிருக்கும் கோடுகள் எப்படி வந்தன என்பதைக் குழந்தை தன் விரலால் அறிகிற கட்டம் இதுதான்.

நம் தெரு விளையாட்டுகளில் இந்தக் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. கில்லி தாண்டு ஆட்டத்தில் கில்லி விழுந்த தூரத்தைக் குழிவரை நீளக் கோலால் மாற்றி மாற்றி வைத்து எண்ணுகிறார்கள். கோலை எடுத்து முன்னால் வைக்கும்போது அரை விரல் தள்ளி வைத்தால் எதிரணி கூச்சல் போட்டுத் திரும்ப வைக்கச் சொல்லும். இடைவெளி கூடாது, மேல் ஏறக் கூடாது, ஒரே கோலாக இருக்க வேண்டும் என்ற மூன்று விதிகளையும் யாரும் பாடமாக நடத்தாமலே பிள்ளைகள் காத்துவந்திருக்கிறார்கள். கில்லி கண்ணில் பட்டுவிடும் ஆபத்து உண்டு என்பதால் சிறு குழந்தைகளுக்கு அதற்குப் பதில் துணியில் மணல் கட்டி உருண்டையாக எறியச் சொல்லி, தூரத்தைக் கோலால் அளக்கச் செய்யலாம். வாசலில் கோலம் போடும் அம்மாவுக்கு அருகில் அமர்ந்து புள்ளிக்குப் புள்ளி இரண்டு விரல் இடைவெளி விட்டு வைக்கும் குழந்தையும் சம இடைவெளியைத்தான் பழகிக்கொண்டிருக்கிறது. முதல் வரிசையில் புள்ளிகள் நெருங்கிப்போனால் கடைசியில் கோலம் கோணிக்கொள்ளும். தவறு எங்கே என்று கோலமே காட்டிவிடும்.

கொள்ளளவில் இந்த வழியின் சிறப்பு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்று நம் அடுக்களை எடையை நம்பாமல் கொள்ளளவை நம்பி நடக்கிறது. ஒரே டம்ளராக இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் தலை தட்டி அளக்க வேண்டும் என்ற இரண்டு கட்டுப்பாடுகளையும் குழந்தை இங்கே கற்றுக்கொள்ளலாம். ஒரு முறை தலை தட்டியும் ஒரு முறை கோபுரமாகக் குவித்தும் அளந்து, இரண்டையும் தனித்தனித் தட்டில் கொட்டிப் பார்க்கச் சொன்னால், ஏன் தட்ட வேண்டும் என்று நாம் விளக்க வேண்டியிருக்காது. பரணில் பழைய படியும் ஆழாக்கும் கிடந்தால் இறக்கித் துடைத்துக் கொடுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று இரண்டிரண்டாகப் பெருகும் அந்த வரிசை, அரை, கால், அரைக்கால் ஆகியவற்றைக் கையால் தொட்டு அறிவதற்கு இணையற்றது. எட்டு ஆழாக்கு ஊற்றினால் படி நிறைகிறதா என்று தண்ணீரிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் படியின் அளவு வேறுபட்டது என்பதையும், அந்தக் குழப்பத்தை நீக்கவே 1956-இல் எடை, அளவுத் தரச் சட்டம் இயற்றப்பட்டு மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது என்பதையும் சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குத் தாத்தாவும் ஆயாவும் சொல்லலாம்.

மூன்றாவது வழியைத் தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமாகாது. ஸ்கேல் குழந்தையைச் சுற்றி ஏற்கெனவே இருக்கிறது. அண்ணனின் ஜியாமெட்ரி பெட்டியில் இருப்பதைத் தானும் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அது ஆசைப்படுகிறது. உடல் அளவு, பின்னர் பொருள் அளவு, அதன் பின்னரே சென்டிமீட்டர், லிட்டர் போன்ற எல்லோருக்கும் பொதுவான திட்ட அலகு என்று நீண்ட காத்திருப்பை வைப்பதைக் கல்வி ஆய்வாளர்களில் ஒரு பகுதியினர் ஏற்கவில்லை. கணிதத் தொடக்கக் கல்வியில் நெடுங்காலம் ஆய்வு செய்துவரும் அமெரிக்கர்களான டக்ளஸ் கிளெமென்ட்ஸ், ஜூலி சராமா ஆகியோரும் இந்த இறுக்கமான வரிசையைக் கேள்விக்கு உட்படுத்தியவர்கள். சிறு குழந்தைகளும் ஸ்கேலை ஆர்வத்தோடு பயன்படுத்துகிறார்கள் என்பதும், விதவிதமான திட்டமற்ற அலகுகளை ஒரே நேரத்தில் கொடுத்தால் அலகு மாறக் கூடாது என்பது தெரியாத குழந்தை மேலும் குழம்புகிறது என்பதும் அவர்கள் தரப்பு வாதத்தில் உள்ளவை. இந்த இரண்டாவது எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். திங்களன்று தீப்பெட்டி, செவ்வாயன்று பென்சில், புதனன்று இலை என்று மாற்றிக்கொண்டே போகும் வகுப்பில் குழந்தைக்கு விளையாட்டு மிஞ்சும், அளத்தல் மிஞ்சாது.

ஆயினும் ஸ்கேலை மட்டும் முதலில் கொடுப்பதில் உள்ள சிக்கல், அது தன் வேலையை மறைத்துவிடுகிறது என்பதாகும். அலகுகளை முன்கூட்டியே அடுக்கி, எண்ணி, எண்ணையும் அச்சடித்து வைத்திருக்கிறது. குழந்தைக்கு எஞ்சுவது, முனையில் தெரியும் எண்ணைப் படிப்பது மட்டுமே. அது உண்மையில் புரிந்ததா என்று அறிய, முனை உடைந்த பழைய ஸ்கேல் ஒன்று போதும். 4-இலிருந்து தொடங்கும் துண்டைக் கொடுத்து, 4-இல் தொடங்கி 9-இல் முடியும் குச்சியின் நீளம் என்ன என்று கேளுங்கள். 9 என்று சொல்லும் குழந்தைகள் மூன்றாம் வகுப்பிலும் இருப்பார்கள். 4, 5, 6, 7, 8, 9 என்று கோடுகளை எண்ணி 6 என்று சொல்பவர்களும் இருப்பார்கள். தீப்பெட்டியைக் கையால் வைத்துப் பழகிய குழந்தை கோடுகளை விட்டுவிட்டு நடுவில் உள்ள இடங்களை எண்ணும். நம் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யம் விளிம்பில் தொடங்காமல் சற்று உள்ளே தள்ளித் தொடங்குவதும், ஒரு பக்கம் சென்டிமீட்டரும் மறுபக்கம் இஞ்ச்சும் இருப்பதும் கூடுதல் தொல்லைகள். தையல்காரரின் டேப்பிலும் இதே இரட்டை முகம் உண்டு. அவர் இஞ்ச்சில் சொல்வதைக் குழந்தை சென்டிமீட்டர் பக்கத்தில் தேடிக்கொண்டிருக்கும்.

ஆகவே இரண்டாவது வழியையும் மூன்றாவது வழியையும் எதிரெதிராக நிறுத்தாமல், குழந்தை தானே ஒரு ஸ்கேலைச் செய்யும்படி இணைப்பதே சிறந்தது. கெட்டி அட்டையை நீளமான பட்டையாக வெட்டிக் கொடுங்கள். ஒரே தீப்பெட்டியை ஓரத்திலிருந்து வைத்து, முடியும் இடத்தில் கோடு போட்டு, மறுபடி வைத்து, ஆறு பெட்டி நீளம்வரை குறிக்கட்டும். எண்களைக் கோட்டின்மீது எழுதுவதா, இடத்தின் நடுவில் எழுதுவதா என்ற கேள்வி அப்போது தானாக எழும். நடுவில் எழுதினால் எண்ணுவது எளிது. கோட்டின்மீது எழுதினால் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று படிப்பது எளிது. இந்தப் பட்டையைக் கடை ஸ்கேலின் அருகில் வைத்துப் பார்த்தால், 15 செ.மீ. ஸ்கேல் ஏறக்குறைய மூன்று தீப்பெட்டி என்றும், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஐந்து சிறிய அலகுகள் அடங்கியிருக்கின்றன என்றும் குழந்தை காணும். இந்தக் கட்டத்துக்கு இரண்டாம் வகுப்பின் இறுதி ஏற்ற காலம். ஆர்வமுள்ள குழந்தை முன்கூட்டியே வந்தால் தடுக்க வேண்டியதில்லை.

எடையில் மட்டும் ஒப்பீடு வேறு விதமாகத் திரும்புகிறது. இன்று மளிகைக் கடையிலும் நியாயவிலைக் கடையிலும் எலக்ட்ரானிக் தராசே இருக்கிறது. அதில் பொருளை வைத்தால் எண் தெரிகிறது; கனமான பக்கம் இறங்குகிறது என்ற காட்சி இல்லை. சிறு குழந்தைக்கு அந்தக் காட்சிதான் எடையின் முதல் பாடம். இரண்டு தட்டுகள், நடுவில் ஒரு முள், இரண்டு பக்கமும் நிரவி நிற்கும் நிலை ஆகியவற்றைக் காட்டும் தட்டுத் தராசு, எடையில் ஸ்கேலும் தீப்பெட்டியும் சேர்ந்து செய்யும் வேலையைத் தனியாகவே செய்துவிடுகிறது. சட்டை மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனைகளிலும் ஒரே அளவுள்ள இரண்டு கொட்டாங்குச்சிகளைச் சம நீளக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் வீட்டிலேயே தராசு கிடைக்கும். எதையும் வைக்கும் முன் ஹேங்கர் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது அவசியம். சாய்ந்தால் லேசான பக்கத்தில் சிறிது நூலைச் சுற்றிச் சரிசெய்ய வேண்டும். அந்தச் சரிசெய்தலைக் குழந்தையே செய்யட்டும். அலகாகக் கோலிக்குண்டு நன்றாகப் பயன்படும், ஏனென்றால் ஒரே வகைக் கோலிகள் ஏறத்தாழ ஒரே எடையுள்ளவை. புளியங்கொட்டையில் பெரிதும் சிறிதும் கலந்திருக்கும். குன்றிமணியை ஒரு காலத்தில் பொற்கொல்லர்கள் எடையாகப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மையானாலும், அந்த விதை கடிக்கப்பட்டால் கடும் நச்சு என்பதால் குழந்தைகள் அருகில் கொண்டுவரவே கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருக்கும் வீட்டில் கோலிக்குண்டையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிவிட வேண்டும்.

எடையைக் கையால் தூக்கி மதிப்பிட்டுப் பிறகு தராசில் சரிபார்ப்பதற்குச் சந்தையைவிட நல்ல இடம் இல்லை. காட்பாடி உழவர் சந்தைக்கோ வீட்டருகே காய்கறி வண்டிக்கோ போகும்போது, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துக் காய் அது. காம்பில் முள் இருப்பதால் குழந்தை கவனமாகப் பிடிக்கும், கவனமாகப் பிடிக்கும்போது கனத்தையும் உணரும். அரைக் கிலோவுக்கு எத்தனை காய் வரும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லி, விற்பவர் நிறுத்தும்போது எண்ணிப் பார்க்கட்டும். அடுத்த முறை அதன் மதிப்பீடு உண்மைக்கு நெருங்கி வரும். வீட்டுக்கு வந்ததும் ஒரே டம்ளரில் பொரி, அரிசி, தண்ணீர் மூன்றையும் தனித்தனியே நிரப்பி, ஹேங்கர் தராசில் ஒன்றோடொன்று ஒப்பிடச் சொல்லலாம். கொள்ளளவு ஒன்றே, எடை வேறு. கொள்ளளவையும் எடையையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்ளும் குழப்பம் பெரியவர்களிடமும் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது உண்மையாக இருப்பதால் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டைக் கொடுத்து, 1 லிட்டர் என்பதோடு 910 கிராம் என்றும் ஏன் அச்சிட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நான்காவது வழியான கற்றல் பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வண்ண வண்ணப் பிளாஸ்டிக் துண்டுகளும் குட்டித் தராசும் பார்க்க அழகாக இருக்கும். துண்டுகள் துல்லியமாக ஒரே அளவில் இருப்பது உண்மையான நன்மை. பள்ளியில் ஏற்கெனவே வந்து பீரோவில் பூட்டிக் கிடக்கும் கணிதப் பெட்டியைத் திறந்து பயன்படுத்துவதை நான் மனமார வரவேற்கிறேன். வீட்டில் ஒரு குழந்தைக்காகப் பணம் கொடுத்து வாங்குவதற்குத் தேவை இருப்பதாகத் தோன்றவில்லை. துண்டு தொலைந்தவுடன் அளத்தலும் நின்றுவிடுகிறது, பெட்டிக்கு வெளியே உள்ள உலகத்தோடு அதற்கு உறவும் குறைவு.

பள்ளியின் நிலைமை வீட்டிலிருந்து வேறுபட்டது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் ஈராசிரியர் பள்ளிகள் நிறைய உண்டு. ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்து நடத்துகிறார். தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து வேலை கொடுக்கும் பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. அளவைகளுக்கும் அது பொருந்தும். அரும்பு நிலையில் இருப்பவர்கள் இரண்டு குச்சிகளை அருகருகே நிறுத்தி எது நீளம் என்று பார்க்கட்டும். மொட்டு நிலையில் இருப்பவர்கள் தீப்பெட்டிகளை அடுக்கட்டும். மலர் நிலையில் இருப்பவர்கள் அட்டை ஸ்கேல் செய்து கடை ஸ்கேலோடு ஒப்பிடட்டும். எல்லோரும் ஒரே பொருளை, உதாரணமாக வகுப்பின் ஜன்னல் அகலத்தை அளந்தால், மூன்று நிலையினரின் விடைகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பேச முடியும். தண்ணீர் விளையாட்டை மட்டும் வகுப்பறைக்குள் வைக்காமல் வேப்ப மர நிழலுக்குக் கொண்டுபோவது நல்லது. வெயில் காலத்தில் வேலூர்ப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்த கணித வகுப்பு இருக்க முடியாது. கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊர்களில் மணலோ கேழ்வரகோ அதே வேலையைச் செய்யும்.

என் முடிவைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று மட்டும் இருந்தால், அடுக்களை டம்ளரிலிருந்தும் ஹேங்கர் தராசிலிருந்தும் தொடங்குங்கள். நீளம் கோலத்திலும் விளையாட்டிலும் தானே வந்து சேரும். முதல் வகுப்பு ஆசிரியராக இருந்தால், உடல் அளவுகளுக்குச் சில நாள்கள் மட்டும் ஒதுக்கி, பருவத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு பொருள் அலகோடு, அது தீப்பெட்டியானால் கடைசிவரை தீப்பெட்டியோடு, கழியுங்கள். ஏழு வயதைத் தாண்டிய குழந்தை இதுவரை எதையும் அளந்ததில்லை என்றால், அட்டை ஸ்கேல் செய்வதிலிருந்தே தொடங்கிக் கடை ஸ்கேலை அன்றைக்கே கையில் கொடுத்துவிடலாம். அதற்குச் சாண், முழம் என்ற நீண்ட வழி தேவைப்படாது. உடைந்த ஸ்கேல் கேள்வியில் 9 என்று சொன்ன மூன்றாம் வகுப்புக் குழந்தையை மட்டும் கட்டாயம் தீப்பெட்டி வரிசைக்குத் திரும்ப அழைத்து வாருங்கள். அது பின்தங்கல் என்று வகுப்பில் யாரும் நினைக்காதபடி, எல்லோருக்குமான வேலையாகவே அதைக் கொடுங்கள்.

பள்ளிக்கு யாராவது பொருளாகக் கொடுக்க முன்வந்தாலும், பள்ளி மேலாண்மைக் குழு சிறிது நிதி ஒதுக்கினாலும், வண்ணப் பெட்டியைக் கேட்காமல் நான்கு பொருள்களைக் கேளுங்கள்: 50 கிராம் முதல் 1 கிலோ வரையுள்ள எடைக்கற்களோடு ஒரு தட்டுத் தராசு, 100 மில்லி முதல் 1 லிட்டர் வரையுள்ள அளவுக் குவளைகள், பூஜ்யம் விளிம்பிலேயே தொடங்கும் சில மர ஸ்கேல்கள், தையல் டேப் ஒன்று. அவை வந்து சேரும்வரை தீப்பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.